பாண் பெட்டிக்குள் கல்யாணம்

பெட்டியைத் திறக்கச் சொன்னது பொலிஸ் அல்ல, இளையதம்பி.

வெல்லவாயாவைத் தாண்டி, கொஸ்லந்தைக்கு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வீதிக்குக் குறுக்கே ஒரு நீண்ட கம்பு கிடந்தது. கம்புக்கு இந்தப் பக்கம் நெல் விளையும் நாடு. அந்தப் பக்கம் தேயிலை. இந்தப் பக்கத்து அரிசி அந்தப் பக்கம் ஏறக் கூடாது என்பது எழுபத்து நான்காம் ஆண்டுச் சட்டம். ஆளுக்கு இரண்டு கொத்து கொண்டு போகலாம். மிச்சமெல்லாம் அரசாங்கத்துக்கு. அந்தக் கம்புக்குச் சிங்களத்தில் 'ஹால் பொல்ல', அரிசிக் கம்பு, என்று பெயர். தமிழ் ஆட்களும் அப்படியேதான் சொன்னார்கள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று சைக்கிள்கள் அங்கே வந்து நின்றன. இரண்டு சாதாரண சைக்கிள்கள். மூன்றாவது ஒரு பூதம். பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சின்னது. முன்சக்கரத்துக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தின்மேல், உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி. பேக்கரியிலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் பாண் கொண்டு போகிற பெட்டி. ஓர் ஆள் உள்ளே குந்தியிருக்கலாம். அதற்கு மேலே சுருட்டிய கூடாரம், கூடாரத்துக்கு மேலே கரிபிடித்த கேத்தல், எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரிக்கேன் லாந்தர்.

கம்பருகே காவல் நின்ற பொலிஸ் சார்ஜன்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். பதுளையிலிருந்து பொத்துவிலுக்குப் போய், கடற்கரையில் கூடாரமடித்துப் படுத்துவிட்டுத் திரும்புகிறோம் என்றான் பூதத்தைப் பிடித்திருந்த மர்ஸூக். எதற்காக என்று கேட்டார். சும்மா என்றான். சும்மா மலை இறங்கிச் சும்மா மலை ஏறுகிறவர்களிடம் கேட்க அவரிடம் வேறு கேள்வி இருக்கவில்லை. கம்பைத் தூக்கச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குக் கைகாட்டினார்.

அப்போதுதான் இளையதம்பி சைக்கிளை விட்டு இறங்கினார்.

இளையதம்பி பதுளைக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கர். ஊர் சுன்னாகம். அரசாங்க வேலை எதுவும் தன் கண்முன்னே அரைகுறையாக நடப்பதை அவரால் பொறுக்க முடியாது. சேர்ட் கொலரை நிமிர்த்திவிட்டு, நல்ல சிங்களத்தில் சார்ஜன்ட்டிடம் சொன்னார்: கடமை என்றால் கடமைதான், எங்கள் முகத்தைப் பார்த்து விட வேண்டாம், பெட்டியைத் திறந்து பாருங்கள், ஒளிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

மர்ஸூக்கின் முகம் கோதுமை மா நிறத்துக்கு வந்தது. மூன்றாவது ஆளான முருகையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

லாந்தர் இறங்கியது. கேத்தல் இறங்கியது. கூடாரம், பாய்கள், கயிற்றுச் சுருள், மண்ணெண்ணெய் அடுப்பு, கருவாட்டுப் பொதி என்று ஒவ்வொன்றாக இளையதம்பியே எடுத்து வீதியோரம் அடுக்கினார். பள்ளிக்கூடக் கண்காட்சி தோற்றது. கடைசியில் பெட்டியின் அடியில் ஒரு சாக்கு. தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்த கையில் சிவப்பு நாட்டரிசி.

"இதென்னப்பா?" மர்ஸூக்கின் பக்கம் திரும்பினார். "தேங்காய் எண்டெல்லோ சொன்னனீர்?"

"தேங்காதான்," என்றான் மர்ஸூக். "கொஞ்சம் சின்னத் தேங்கா."

மர்ஸூக்கின் வாப்பா பதுளைக் கடைவீதியில் பேக்கரி வைத்திருப்பவர். மா தட்டுப்பாட்டில் பாண் சுடும் போறணை பாதி நாள் ஆறிக் கிடந்தது. பாண் இல்லாவிட்டால் பாண் சைக்கிளுக்கும் வேலை இல்லை. சும்மா சாத்திக் கிடந்த அந்த வண்டியைப் பார்த்துத்தான் மர்ஸூக்குக்கு அந்த யோசனை வந்தது: இருநூறு பாணைச் சுமக்கிற சைக்கிள் ஒரு வீட்டையே சுமக்காதா? முதலில் எல்ல வரைக்கும் ஒரு கூடாரத்தோடு போய்ப் பார்த்தான். பிறகு ஹப்புத்தளை. பாரத்தை அடியில் வைத்தால் வண்டி சொன்னபடி கேட்கும், மேலே வைத்தால் வளைவில் ஆளைக் கவிழ்க்கும் என்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டான். எல்ல இறக்கத்தில் பிரேக் கட்டை தீய்ந்து மணக்கத் தொடங்கினால், வெட்டிய மரக்கிளை ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினான். கடைவீதி முழுக்கச் சிரித்தது. கச்சேரியில் ஒரே ஓர் ஆள் மட்டும் சிரிக்காமல், அடுத்த பயணம் எப்போது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர்தான் இளையதம்பி.

முருகையா கொஸ்லந்தைக்குக் கிட்ட ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். ஒரு பயணத்தில் மற்ற இருவரும் அங்கே கூடாரம் போட்ட இரவு, தேயிலைக்கு நடுவே வெள்ளையாக என்னவோ அசைகிறது, செத்துப்போன துரை ஒருவர் வந்துவிட்டார் என்று தொழிலாளர் லயமே கூடிப் பந்தத்தோடு வந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். கூடாரத்துக்குள்ளிருந்து இளையதம்பி வெளியே வந்து, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். முருகையா குடித்தான். அடுத்த பயணத்துக்குச் சைக்கிளோடு வந்தான்.

அந்த முருகையாவின் தங்கை பூமாயிக்குத்தான் இன்று கல்யாணம்.

மாப்பிள்ளை ஹல்துமுல்லைப் பக்கம். பரிசம் போட்ட அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா, மீசைக்காரக் கங்காணி, வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார், காலம் கெட்டுக் கிடக்கு, நீங்க ரொட்டி போட்டாலும் நாங்க சாப்பிட்டுட்டுப் போவோம் தம்பி என்று. அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். கூட வந்தவர்கள்தான் சிரித்தார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பன் இடத்தில் இருந்த முருகையாவுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று குத்திவிட்டது. கல்யாணச் சோறு வாசலுக்கு வராம என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறாது என்று சபையில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் யோசித்தான். தோட்டத்தில் அப்போது கூப்பன் அரிசி ஒரு குடும்பத்துக்கே காணாது. லயம் முழுக்க மரவள்ளியும் ரொட்டியும்.

பொத்துவிலில் மர்ஸூக்கின் சாச்சாவுக்கு வயல் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் ஹால் பொல்ல இருந்தது. மர்ஸூக் கணக்குப் போட்டான். கூடாரம், கேத்தல், லாந்தர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கோமாளி மாதிரி வருகிற சைக்கிளை யார் சோதிக்கப் போகிறார்கள்? இளையதம்பிக்கு மட்டும் சொல்லக் கூடாது. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். அது அவருடைய உடம்பு வாகு. ஆகவே தேங்காய் என்று சொல்லி வைத்தான். சியம்பலாண்டுவைப் பக்கத்தில் முதல் கம்பைத் தாண்டும்போது இளையதம்பி பின்னால் எங்கோ நின்று சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கணக்கு சரியாக வந்தது.

இரண்டாவது கம்பில் அவருடைய சக்கரத்தில் காற்று நிறைய இருந்தது.

சார்ஜன்ட் சாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கோபப்படவில்லை. ஆளுக்கு இரண்டு கொத்தை அளந்து எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது இங்கே இருக்கட்டும் என்றார். முருகையா அவர் காலில் விழாத குறையாகக் கல்யாணக் கதையைச் சொன்னான். சார்ஜன்ட் முழுவதையும் கேட்டார். தனக்கும் தங்கை இருப்பதாகச் சொன்னார். ஆனால் இந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் அரிசி போகாது, போனால் நாளைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன் என்றார். பிறகு, முருகையாவின் முகத்தைப் பார்க்க முடியாமலோ என்னவோ, உடைந்த தமிழில் சொன்னார்:

"இங்க சமைச்சி, இங்க சாப்பிடு. வயித்துல இருக்கிற சோறு நான் பாக்குறது இல்ல."

அதுவரைக்கும் வீதியோரக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இளையதம்பி நிமிர்ந்தார்.

"சோத்துப் பார்சல்?" என்று கேட்டார்.

சார்ஜன்ட்டுக்கு விளங்கவில்லை. இளையதம்பி எழுந்து கிட்டே வந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு போகிறார்களே, அதைப் பிடிக்கிறீர்களா என்று கேட்டார். அதை எதற்குப் பிடிக்க வேண்டும், அது சோறு, சட்டம் அரிசிக்கும் நெல்லுக்கும்தான் என்றார் சார்ஜன்ட். அப்படியென்றால் நாங்கள் எங்கள் பகல் சாப்பாட்டை இங்கேயே சமைத்துக் கட்டிக்கொண்டு போகிறோம் என்றார் இளையதம்பி. சார்ஜன்ட் சாக்கைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார்.

"மூணு பேருக்கு?"

"மலை ஏறுற ஆக்கள், ஐயா. பசி கூட."

காது சிவக்கவில்லை. மலை ஏறுகிறவர்களுக்குப் பசி கூடத்தானே.

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். கடைசியில், முழுக்க வெந்த சோறாக இருந்தால் கம்பு எழும்பும், ஓர் அரிசி பச்சையாக இருந்தாலும் எழும்பாது என்று தீர்ப்புச் சொன்னார்.

கம்புக்குப் பக்கத்தில் சோமாவதி என்ற அம்மாவின் சாப்பாட்டுக் கடை. அரிசி இல்லாத காலமாகையால் அவளுடைய பெரிய சோற்றுப் பானைகள் கவிழ்ந்து கிடந்து தூசி பிடித்திருந்தன. முருகையா போய்க் கேட்டபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: பெண்ணுக்கு என்ன வயது? கேட்டுவிட்டுத் தானே பானையைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுப்பு மூட்டியதும் சண்டை தொடங்கியது. நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும், பொலிஸ் அப்படித்தான் சொன்னது என்று இளையதம்பி நின்றார். மர்ஸூக் அகப்பையைக் கொடுக்கவில்லை. அவனுடைய வாப்பா பேக்கரி தொடங்குவதற்கு முன் கல்யாண வீடுகளில் சமைத்தவர். பெரிய சமையல் கிடாரத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் அவன். இங்கே குழைய வேகவைத்து, அந்தப் பெட்டியில் போட்டு, தியலும நீர்வீழ்ச்சி ஏற்றம் முழுக்கக் குலுக்கிக்கொண்டு போனால் தோட்டத்தில் சோறு இறங்காது, பசைதான் இறங்கும் என்றான். முக்கால் பதத்தில் வடிக்க வேண்டும். சூட்டோடு பெட்டியில் கொட்டி மூட வேண்டும். மிச்சக் கால் பதம் தன் ஆவியிலேயே வேக வேண்டும்.

"தம்," என்றான். "பாண் பெட்டிதான் எங்கட கிடாரம்."

"அதுக்கு அடியில நெருப்பு வேணுமேப்பா. மரப்பெட்டிக்குள்ள தணல் போடுவீரோ?"

அந்தக் கேள்விக்குப் பதில், கேட்டவரிடமே இருந்தது. ஹப்புத்தளைக் குளிரில் கூடாரம் போட்ட இரவுகளில் இளையதம்பி ஆற்றுக் கற்களைத் தீயில் சுட்டு, சாக்கில் சுற்றி, காலடியில் வைத்துக்கொண்டு படுப்பார். மற்ற இருவரும் அதைக் கிளாக்கர் ஐயாவின் பெண்சாதி என்று கேலி செய்வார்கள். கேள்வியைக் கேட்டு முடித்ததும் அவரே ஓடைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

கற்கள் நெருப்பில் கிடந்தன. சோமாவதி வாழையிலையும், மணத்துக்கு இரம்பை இலையும் வெட்டிக் கொடுத்தாள். முருகையா வெறிபிடித்தவன் மாதிரி விறகு பிளந்தான். ஓர் ஈடு வடித்து, அடுத்த ஈடு உலையில் போட்டு, அதையும் வடித்து... சுட்ட கற்களைச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் அடியில் பரப்பி, மேலே இலை போட்டு, இலைமேல் சோற்றைக் கொட்டினார்கள். கடைசி ஈடும் விழுந்தபோது பெட்டி கழுத்து வரைக்கும் நிறைந்துவிட்டது. சாக்கில் ஒரு மணி மிச்சமில்லை.

மூடியைப் போடப் போகும்போது சார்ஜன்ட் வந்துவிட்டார். மேலாக ஒரு பருக்கையை எடுத்து முன்பல்லில் கடித்தார். கடித்த பாதியைக் கையில் வைத்துப் பார்த்தார். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

மர்ஸூக் பேச வாயெடுத்தான். சார்ஜன்ட் அவனைப் பேச விடவில்லை. இளையதம்பியைக் கூப்பிட்டார். நீர்தானே பெட்டியைத் திறக்கச் சொன்ன மனிதர், நீரே சொல்லும், இது சோறா, அரிசியா?

முருகையா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னும் சோறாகேல்லை, ஐயா," என்றார் இளையதம்பி. "ஆனால் மூடினால் ஆகும்."

"மூடு," என்றார் சார்ஜன்ட். "நான் நிக்கிறேன். திறந்து பாக்கிற நேரம் பச்சை இருந்தா, பெட்டியோட எனக்கு."

மூடினார்கள். நனைத்த சாக்கை விளிம்பில் சுற்றினார்கள். அதற்கு மேலே கூடாரத்தை நான்காக மடித்துப் போர்த்தினார்கள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. அந்தக் காத்திருப்பு அடுப்படி வேலையைவிடக் கொடுமையாக இருந்தது. தம்மில் இருக்கும் பெட்டியை இடையில் திறந்தால் ஆவி போய்விடும். போனால் திரும்பி வராது. சார்ஜன்ட்டோ இரண்டு தரம் மூடியில் கை வைத்துவிட்டார். இரண்டு தரமும் மர்ஸூக் பாய்ந்து போய், ஒரேயொரு தரந்தான் திறக்கலாம் சேர், ஒரேயொரு தரம் என்று கெஞ்சினான். மூன்றாம் தரம் அவர் கை நீளும்போது நல்ல காலமாக மொனராகலை பஸ் வந்தது. அவர் அதைச் சோதிக்கப் போனார். ஒரு கிழவியின் கூடைக்குள்ளிருந்து இரண்டு கொத்துக்கு மேலே கொஞ்சம் அகப்பட, வாக்குவாதம் வளர்ந்தது. கிழவி சார்ஜன்ட்டின் ஏழு தலைமுறையை வாழ்த்தினாள். மர்ஸூக் மனதுக்குள் கிழவியை வாழ்த்தினான்.

சூரியன் மலைக்கு மேலே வந்துவிட்டது. முகூர்த்தம் உச்சிக்கு முன்னே. இங்கிருந்து தோட்டம் வரைக்கும் ஒரே ஏற்றம்.

சார்ஜன்ட் திரும்பி வந்து, இப்போது திற என்றார். மர்ஸூக் பிஸ்மி சொல்லி மூடியைத் தூக்கினான். குபீரென்று எழும்பிய ஆவியில் இளையதம்பியின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. இரம்பை மணம் கம்பைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிற்று. சார்ஜன்ட் மேலிருந்து எடுக்கவில்லை. கரண்டியை நடுவிலே ஆழக் குத்தி எடுத்தார். ஊதினார். மென்றார். பிறகு ஒரு மூலையில் குத்தினார். அதையும் மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூலைக்குப் போகும்போது சோமாவதி ஒரு தட்டையும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பலையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

தட்டு காலியான பிறகுதான் சார்ஜன்ட் தலையை நிமிர்த்தினார்.

"கம்பைத் தூக்கு," என்றார் கான்ஸ்டபிளிடம். அவன் தூக்கவில்லை. அவன் கையிலும் ஒரு தட்டு இருந்தது. சார்ஜன்ட்டே போய்த் தூக்கினார்.

இளையதம்பி தன் சைக்கிளையும் இறக்கிய சாமான்களையும் சோமாவதியின் கடையில் விட்டார். முருகையா மட்டும் தன் சைக்கிளில் முன்னே பறந்தான், செய்தி சொல்ல. பாண் சைக்கிளுக்கு இரண்டு பேர். மர்ஸூக் கைப்பிடியில், கூடாரக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இளையதம்பி முன்னே. கச்சேரி மேசையில் பேனாவைத் தவிர வேறு பாரம் தூக்காத தோள். கயிறு சேர்ட்டைக் கிழித்துத் தோலைத் தொட்டது. நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று முதல் வளைவில் ஒருமுறை சொன்னார். இரண்டாம் வளைவில் மறுபடி சொன்னார். மூன்றாம் வளைவில் மர்ஸூக்குக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் ஒங்களுக்குச் செல்லாம மறச்சது என்ட பிழை, நீங்க தொறந்தது ஒங்கட பிழை. ரெண்டும் சரிக்குச் சரி. இழுங்க."

ஆவணி மாதத்துக் காற்று. ஊவாப் பக்கத்தில் அந்த மாதம் காற்றடித்தால் கூரைத் தகரம் பறக்கும். தியலுமவுக்கு நேரே வளைவில் திரும்பியதும் அது எதிரே வந்து மோதிற்று. நீர்வீழ்ச்சியின் தண்ணீரைக் கீழே விழவிடாமல் பாதியிலேயே தூளாக்கி வீதிக்குக் கொண்டுவந்து தூவியது. பெட்டியின்மேல் இருந்த கூடாரத் துணி ஒரு பக்கம் அவிழ்ந்து பாய்மரமாக விரிந்தது. காற்று அதை வசமாகப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் பின்னால் உருளத் தொடங்கியது.

பிரேக்கைப் பிடித்தான் மர்ஸூக். ஈரம்; கட்டை வழுக்கியது. இளையதம்பி கயிற்றோடு பின்னால் இழுபட்டார். வீதியின் விளிம்பில் கல் கட்டு; அதற்கு அப்பால் வெறும் காற்று. பின்சக்கரம் அந்த விளிம்பை நோக்கிப் போயிற்று. இளையதம்பி கயிற்றை விட்டிருக்கலாம். விடவில்லை. சப்பாத்துக் குதிகளைத் தாரில் ஊன்றி, வீதியில் குந்தி, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். அந்தப் பாரத்துக்குச் சைக்கிள் ஒரு கணம் தயங்கியது. ஒரு கணம் போதும். மர்ஸூக் காலால் ஒரு கல்லைத் தள்ளிச் சக்கரத்துக்குப் பின்னே கொடுத்தான்.

நின்றது.

பெட்டி மூடி அசையவில்லை. இளையதம்பி படுத்தபடியே அதைத்தான் முதலில் கேட்டார்.

துணியை இழுத்துக் கட்டினார்கள். மறுபடி தள்ளினார்கள். பத்தடி போவார்கள், கல் கொடுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள். அடுத்த வளைவு மிகவும் செங்குத்து. இரண்டு பேரால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. சூரியனைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது மேலே எங்கிருந்தோ தப்பு மேளச் சத்தம் கேட்டது.

முதலில் காற்று விட்டுவிட்டுக் கொண்டுவந்தது. பிறகு வளைவுக்கு அந்தப் பக்கம் கிட்டவே. வளைவு திரும்பி வந்தது ஒரு கல்யாண ஊர்வலம். முன்னே தப்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னே முருகையா, சட்டையில்லாமல். அவனுக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை. அவருக்குப் பின்னே ஹல்துமுல்லை ஆட்கள், லயத்து ஆட்கள், எல்லோருக்கும் கடைசியில் மீசைக்காரப் பெரியப்பா.

முருகையா மேலே போய்ச் சபையில் உண்மையைச் சொல்லியிருந்தான்: சோறு வருது, ஆனா இன்னும் ஏத்தத்துல இருக்கு. முகூர்த்தம் போகுதே என்று சிலர் முணுமுணுத்தார்களாம். சோறு வாசலுக்கு வராம தாலி இல்லேன்னு சொன்னது நீதானே என்று ஒருவர் குத்திக் காட்டினாராம். மாப்பிள்ளைதான் எழுந்து, அப்ப நாம போயி கூட்டிட்டு வருவோம் என்று நடக்கத் தொடங்கினாராம்.

எத்தனை கைகள் அந்தச் சைக்கிளில் பட்டன என்று தெரியாது. மாப்பிள்ளை பெட்டியின் இடது பக்கம் தோளைக் கொடுத்தார். தப்பு அடி மாறியது. சாமி தூக்குகிற அடி. பூதம் அந்தச் செங்குத்தை ஒரே மூச்சில் ஏறியது. இளையதம்பிக்குத் தள்ள இடமே கிடைக்கவில்லை. அவர் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தேர் வடம் பிடித்தவர் மாதிரி கூடவே ஓடினார்.

லயத்து வாசலில், மணவறைக்கு எதிரே சைக்கிள் நின்றது. பெரியப்பா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். சோறு பொலபொலவென்று சூடாக இருந்தது. ஆவி அவருடைய மீசையைத் தொட்டது. அவர் பெட்டியின் பக்கவாட்டில் மர்ஸூக்கின் வாப்பா பெயர் எழுதியிருந்ததை வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார். யார் கைச் சோற்றைத் தின்பது என்பதில் பெரியப்பா பழைய ஆள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"யாரு ஆக்குனது?"

முருகையா ஒளிக்கவில்லை. "வடிச்சது நானுங்க. தம் போட்டது மர்ஸூக் நானா. கல்லு சுட்டது கிளாக்கர் ஐயா. ருசி பாத்தது பொலிசு."

பெரியப்பா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"பொலிசே தின்னு பாத்து விட்ட சோத்துல நாம என்னாத்த கொறை சொல்றது?" என்றார். "புள்ளைய கூப்புடுங்க. நேரம் போவுது."

தாலி ஏறியது. இலை விழுந்தது. முதல் பந்தியில் ஹல்துமுல்லை ஆட்கள். பருப்பும், பூசணிக்காயும், வாழைக்காய்ப் பொரியலும். சிலர் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் வைத்திருந்தார்கள். பெரியப்பா மூன்று தரம் சோறு வாங்கினார். ரொட்டி என்ற சொல்லை அன்றைக்கு அவர் வாயில் எடுக்கவே இல்லை. இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. பக்கத்துப் பிரிவிலிருந்து மணம் பிடித்து வந்தவர்களுக்கும் இலை போட்டார்கள். முருகையா வாளியோடு ஓடிக்கொண்டே இருந்தான். யாரையும் கேட்டு அளந்து போடவில்லை.

பகல் சாய்ந்த பிறகுதான் மூன்று சைக்கிள்காரர்களும் இலைக்கு முன்னே உட்கார்ந்தார்கள். முருகையா வாளியைக் கவிழ்த்துக் காட்டினான். காலி. அவன் முகத்தில் அதற்காக வருத்தம் எதுவும் இல்லை. மர்ஸூக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலிலிருந்து மலை வரைக்கும் சுமந்த சோற்றில் நமக்கு மரவள்ளிதான் எழுதியிருக்கிறது என்று இளையதம்பியிடம் சொன்னான். இளையதம்பி தோளில் மஞ்சள் பூசிக்கொண்டு, மரவள்ளியும் நல்ல சாமான்தான் என்றார். இந்த முறை காது சிவந்தது.

மணவறைப் பக்கமிருந்து பூமாயி எழுந்து வந்தாள். கூறைச் சேலையும் மாலையும் கலையவில்லை. இலைகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"ஊருக்கே சோறு போட்டாத்தான் தாலி ஏறும்னு நின்ன. நீ தின்னியா?"

முருகையா அதைக் கேட்காதவன் போல வாளியைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நேரே பாண் சைக்கிளுக்குப் போனாள். அடியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தாள். அவை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. பிறகு குனிந்தாள். பெட்டி ஆழம், இன்னும் குனிந்தாள். தலை மறைந்தது, மாலை மறைந்தது, இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளை ஓடி வந்து சைக்கிள் கவிழாமல் பிடித்துக்கொண்டார். தகரத்தில் வளையல்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மூலையில இருக்கு. நெறைய இருக்கு. இலைய எடுத்துக்கிட்டு மூணு பேரும் இங்க வாங்க."